வெங்காய வேரும் வாய்ப் புண்ணும்

சென்ற போகத்தில் ஒரு பின்னேரம், எங்கள் குடியேற்றத்துப் பொதுமண்டபத்தில் சில பெண்கள் வெங்காயம் தாளறுத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக ஓர் அம்மா கேட்டார்: "மாஸ்ரர், புற்றுநோய் தொத்துமோ? எங்கட வரிசையில கடைசி வீட்டு ஐயாவுக்கு வாய்க்குள்ள புற்று எண்டு சொல்லிப்போட்டினம். அந்த மனிசி அவருக்குத் தனிக்கோப்பை, தனிக்கோப்பி எண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறா. பிள்ளையளையும் கிட்டப் போக விடுறேல்லை."

"தொத்தாது அம்மா" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. முகாமில் இருந்த காலத்தில் வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் சிரங்கும் எப்படிப் பரவின என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராத நோய் பின்னர் எங்கிருந்துதான் வருகிறது என்று அவருக்குச் சொல்லாதவரை, "தொத்தாது" என்பது வெறும் வார்த்தைதான். அந்தக் கேள்விக்கான மறுமொழியே இந்தப் பாடம். தொடங்குவதற்கு, அவர் கையிலிருந்த வெங்காயமே போதும்.

ஒரு வெங்காயத்தை எடுத்து, அடிப்பக்கம் மட்டும் நீரில் படும்படி ஒரு தம்ளரின் வாயில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். வேரின் எந்தப் பகுதி வளர்கிறது? வேர் முழுவதும் றப்பர் போல இழுபட்டு நீளுவதில்லை. நுனியில் உள்ள சில மில்லிமீற்றர் அளவான பகுதியிலேயே புதிய கலங்கள் உண்டாகின்றன. அந்த நுனியை வெட்டிச் சாயமூட்டி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுணுக்குக்காட்டியில் வைத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்கள். மதிற்கல் அடுக்கியதுபோலச் சிறுசிறு அறைகள் தெரியும். அவையே கலங்கள். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றொபேட் ஹூக் என்பவர் தக்கைத் துண்டில் இவ்வறைகளைக் கண்டு பெயரிட்டார். அவர் பார்த்தவை வெறுங்கூடுகள். உயிருள்ள கலத்தின் உள்ளே கரு என்றொரு பகுதி உண்டு. அதற்குள்தான் நமது கதை நடக்கிறது.

இந்த அறைகள் எங்கிருந்து வருகின்றன? 1855இல் ஜேர்மனிய வைத்தியர் றுடொல்ப் வேர்க்கோ இதற்குத் தெளிவான விடை சொன்னார்: ஒரு கலம் வேறொரு கலத்திலிருந்தே வரும், இல்லாத இடத்திலிருந்து எதுவும் முளைப்பதில்லை. புற்றுநோய்க் கட்டியின் கலங்களுக்கும் இதுவே விதி என்பதை அவர் கண்டார். வெளியிலிருந்து புழு பூச்சி ஏதும் வந்து உள்ளே குடியேறுவதில்லை. புற்று என்பது நமது சொந்தக் கலத்தின் பிள்ளை.

நாம் ஒவ்வொருவரும் தாயின் வயிற்றில் ஒரேயொரு கலமாகத் தொடங்கியவர்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வளர்ந்த மனிதரின் உடலில் இன்று 30 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட கலங்கள் உள்ளன.

உறுதி எழுதுவது போல

ஒரு கலம் இரண்டாவது, பூசணியை நடுவால் பிளப்பது போன்ற காரியமல்ல. கருவுக்குள் நிறமூர்த்தங்கள் என்ற நூல்கள் இருக்கின்றன. வெங்காயத்துக்கு 16, நெல்லுக்கு 24, மனிதருக்கு 46. அந்த 46இல் 23 தாய்வழியாக வந்தவை, 23 தந்தைவழியாக வந்தவை. காணி உறுதியில் எல்லையும் பரப்பும் பாத்தியதையும் எழுதப்பட்டிருப்பதுபோல, கலம் என்ன செய்ய வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இந்நூல்களில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டளைக்குமுரிய பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம். தாய்வழிச் சீதன உறுதி ஒன்று, தந்தைவழி முதுச உறுதி ஒன்று என, பெரும்பாலான கட்டளைகள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளன. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

பிரிவதற்கு முன் கலம் தன் உறுதிகள் அனைத்தையும் ஒருமுறை பிரதியெடுக்கிறது. 600 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளை ஒரு நாளுக்கும் குறைந்த நேரத்தில் பிரதி செய்து முடிக்கிறது. எந்த நொத்தாரிசாலும் முடியாத வேலை. பின்னர் நூல்கள் சுருண்டு தடித்து, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நிலைக்கு வருகின்றன. எல்லாம் கலத்தின் நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. கலத்தின் இரு முனைகளிலிருந்தும் நீளும் மெல்லிய நார்கள் அவற்றைப் பற்றிப்பிடித்து, இரு பிரதிகளில் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் இழுக்கின்றன. இந்நார்களைக் கதிர்நார்கள் என்பார்கள். இழுத்து முடிந்ததும் வெங்காயக் கலத்தில் நடுவே புதுச்சுவர் எழும்; நமது கலமோ இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல ஒடுங்கி இரண்டாகும். இதற்கு இழையுருப்பிரிவு என்று பெயர். 1882இல் வோல்ற்றர் பிளெமிங் என்ற ஜேர்மனியர் இதன் படிகளை வரிசையாக வரைந்து வெளியிட்டார். நூல்களை இழுத்துப் பிரிக்கும் இக்கடைசி வேலைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் செல்லும். மீதி நேரமெல்லாம் வளர்ச்சியும் பிரதியெடுப்பும் சரிபார்ப்புமே.

இந்த வேலை இப்போதும் உங்கள் உடலில் நடந்துகொண்டிருக்கிறது. குடலின் உட்தோல் சில நாட்களிலும், வாயின் உட்தோல் இரண்டு மூன்று கிழமைகளிலும், வெளித்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்திலும் புதுப்பிக்கப்படுகின்றன. சிவப்பு இரத்தக் கலம் 120 நாள் வரையே வாழும் என்பதால் எலும்பு மச்சை ஓய்வின்றிப் புதியவற்றை உண்டாக்குகிறது. மூளையின் நரம்புக் கலங்களோ பெரும்பாலும் பிரிவதேயில்லை. எந்த இடத்தில் பிரிவு அதிகமோ அங்கே பிழை நேர வாய்ப்பும் அதிகம்.

மண்வெட்டி காலில் பட்டுக் காயம் வந்தால் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். காயத்தின் ஓரத்திலுள்ள கலங்களுக்குப் "பிரிந்து நிரப்பு" என்ற செய்தி போகிறது. அவை பிரிந்து நடுவை நோக்கி நகர்கின்றன. இரு கரையும் சந்தித்தவுடன் நின்றுவிடுகின்றன. காயம் ஆறியதை நாம் மெச்சுகிறோம்; ஆனால் என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய அதிசயம் அவை சரியான இடத்தில் நின்றதுதான். நிற்காமற் போனால் அந்தக் காயத்தின் மேல் ஒரு கட்டியே வளர்ந்திருக்கும்.

நிற்கச் சொல்வது யார்?

கலத்தின் உள்ளே பல காவல்கள் உள்ளன. பிரதியெடுப்பு முடிந்ததா, பிழை உண்டா, நூல்கள் எல்லாவற்றிலும் நார் பிடித்துள்ளதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்தபின்பே அடுத்த கதவு திறக்கும். இக்கதவுகளைக் கண்டறிந்தவர்களுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் லீலண்ட் ஹாட்வெல் ஆராய்ந்தது பாண் புளிக்கப் பயன்படும் ஈஸ்ற்றை. பானையில் கள்ளு நுரைப்பதும் அதே இனத்தாலேதான். அவ்வளவு எளிய உயிருக்கும் நமக்கும் கலப்பிரிவுக் கதவுகள் பெரும்பாலும் ஒன்றே.

பிழை கண்டால் கலம் முதலில் திருத்தப் பார்க்கும். திருத்த முடியாவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஊருக்குக் கேடு வராமல் தான் போவது. இப்படிப் "நிறுத்து, திருத்து, இல்லையேல் அழி" என்று கட்டளையிடும் காவல்களில் முக்கியமானது பி53 என்ற புரதம். 1979இல் இனங்காணப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இந்தக் காவலுக்குரிய பரம்பரையலகு கெட்டுப்போயிருக்கக் காண்கிறோம்.

தோட்டத்து நீர்ப்பம்பியை எண்ணிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும் பிடி இறுகிப்போனால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் ஆளி பழுதானாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கலத்திலும் இவ்விரு வகைப் பழுதும் உண்டு. முதலாம் வகையில் ஒரு பிரதி கெட்டாலே போதும். இரண்டாம் வகையில், தாய்வழி உறுதி கெட்டாலும் தந்தைவழி உறுதி காவல் காக்கும். இரண்டும் கெட்டாற்றான் காவல் போகும். பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைக் கண் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் அல்பிரட் நட்சன் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். சில குடும்பங்களில் புற்றுநோய் இளவயதிலேயே, பலருக்கும் வருவதன் காரணமும் இதுவே. அவர்கள் பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டிருக்கும். அது சாபமுமல்ல, செய்வினையுமல்ல. பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாழும் காலத்திலேயே பிழைகள் சேருகின்றன.

ஒரு பிழையால் மட்டும் ஒரு கலம் புற்றாகிவிடுவதில்லை. உறுதியில் வடக்கெல்லை என்பதை ஒருவர் தவறாக எழுதினார் என்று வையுங்கள். அடுத்த நொத்தாரிசு அந்தப் பிழையோடேயே பிரதி எடுப்பார்; தன் பங்குக்குப் பரப்பையும் மாற்றி எழுதுவார். மூன்றாவது ஆள் கையெழுத்தையே விட்டுவிடுவார். கலத்திலும் அப்படித்தான். பிழையுள்ள கலம் பிரிந்தால் இரு பிள்ளைக் கலங்களுக்கும் அப்பிழை போகும். அவற்றில் ஒன்றுக்கு வேறொரு பிழை சேரும். இப்படிப் பல பிழைகள் ஒரே வழியில் சேர ஆண்டுக்கணக்காகும். புற்றுநோய் பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வருவது அதனாலேதான்.

சாதாரண மனிதக் கலத்தை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தால் ஐம்பது தடவை அளவில் பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961இல் லெனாட் ஹேபிளிக் காட்டினார். புற்றுக் கலத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. 1951இல் அமெரிக்காவின் பல்ற்றிமோர் நகரில் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து எடுத்த கலங்கள் இன்றும் உலகமெங்குமுள்ள ஆய்வுகூடங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெண் அதே ஆண்டில் இறந்துவிட்டார். தன் கலங்கள் எடுத்து வளர்க்கப்படுவதை அவருக்கு யாரும் சொல்லவுமில்லை.

ஒன்று, இரண்டு, நாலு...

இனி ஒரு கணக்கு. கட்டுப்பாடிழந்த ஒரு கலம் இரண்டாகி, நாலாகி இரட்டிக்கிறது. பத்தாம் தடவையில் 1,024. இருபதாம் தடவையில் பத்து இலட்சத்துக்கு மேல். இவ்வளவாகியும் அது குண்டூசித் தலையளவுதான், ஒருவருக்கும் தெரியாது. முப்பதாம் தடவையில் 107 கோடி. அப்போதுதான் ஒரு கடலையளவு, ஏறத்தாழ ஒரு கிராம். கைக்குத் தட்டுப்படும். அதற்குமேல் இன்னும் பத்தே தடவை இரட்டித்தால் ஒரு கிலோ.

ஒருமுறை இரட்டிக்க 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். கடலையளவாக 3,000 நாள், அதாவது எட்டு வருடத்துக்கு மேல். கடலையிலிருந்து கிலோவாக மூன்று வருடமும் இல்லை. உண்மையில் கட்டிக்குக் கட்டி வேகம் மாறும். நடுவே பல கலங்கள் செத்தும் போகும். ஆனால் "போன வருசம் சின்னக் கட்டியாய்த்தானே இருந்தது, திடீரெண்டு பெருத்திட்டுது" என்று நாம் சொல்வதன் உள்ளே இருப்பது இந்தக் கணக்குத்தான். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாக் கட்டியும் புற்றல்ல. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி தன் உறைக்குள்ளேயே இருக்கும். புற்று அப்படியல்ல. தோட்டத்துக் கோரையைப் போல அயலிலுள்ள இழையத்துக்குள் ஊடுருவும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு மிஞ்சும். சில கலங்கள் கழன்று நிணநீரிலும் இரத்தத்திலும் ஏறி வேறிடத்தில் போய் முளைக்கும். வாய்ப் புற்றுள்ளவருக்குக் கழுத்தில் நெறி கட்டுவது இவ்வழியால்தான்.

தொற்றுமா என்ற கேள்விக்கு இனி மறுமொழி விளங்கும். புற்றுக் கலம் அவருடைய கலம். அது கோப்பையில் ஒட்டி உங்கள் வாய்க்குள் வந்தாலும் உங்கள் உடல் அதை அந்நியன் என்று கண்டு அழித்துவிடும். ஒன்றாக உண்ணலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்ச விடலாம். ஒரு விடயத்தை மறைக்காமற் சொல்ல வேண்டும்: சில வைரசுகள் தொற்றி, பல வருடங்களின் பின் கலத்தின் காவலைக் கெடுத்துப் புற்றுக்கு வழி செய்வதுண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான பப்பிலோமா வைரசு உடலுறவால் தொற்றுவது. அதன் புரதம் ஒன்று முன்சொன்ன பி53 காவலை அழிக்கிறது. இதற்கெதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கையில் 6ஆம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படுகிறது. இடம்பெயர்ந்து பாடசாலை மாறிய பிள்ளைகள் இதைத் தவறவிட்டிருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

உறுதியைக் கெடுப்பவை

1775இல் லண்டன் வைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களின் விதைப்பையில் ஒருவகைப் புற்று வருவதைக் கண்டார். காரணம் மடிப்புகளில் படிந்த புகைக்கரி. வெளிப்பொருள் ஒன்று புற்றுக்குக் காரணமாகலாம் என்று தெளிவாகச் சொன்ன முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

எங்கள் புகைக்கரி எது? இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலைத் தட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே புகையிலை சேர்த்த வெற்றிலைச் சப்புதல் புற்றை உண்டாக்கும் என்று தீர்மானித்தது. 2004இல் வெளியான அறிக்கையில், புகையிலை சேர்க்காவிட்டாலும் உண்டாக்கும் என்றும், பாக்குத் தனியாகவே புற்றுக் காரணி என்றும் சொன்னது. "நான் போயிலை போடுறேல்லை, வெறும் வெத்திலைதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடப்பது இதுதான். புகையிலையிலும் பாக்கிலுமுள்ள சில இரசாயனங்கள் கலத்துக்குள் புகுந்து உறுதியின் எழுத்துகளில் ஒட்டிக்கொள்கின்றன. பிரதியெடுக்கும்போது அந்த இடத்தில் பிழை விழுகிறது. சுண்ணாம்பு வாயை எரித்துப் புண்ணாக்க, அதை ஆற்றக் கலங்கள் இன்னும் வேகமாகப் பிரிகின்றன. ஒரு பக்கம் எழுத்தைக் கெடுத்து, மறுபக்கம் "கெதியாய் எழுது" என்று நெருக்குவது போன்றது. வாயை எரித்து, உறைப்பு ஒன்றும் தின்ன முடியாமல், கன்னம் உள்ளே இறுகி, இரண்டு விரல் நுழையுமளவுக்கும் வாய் திறக்க முடியாமற் போவது பாக்கின் வேலை.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. வலிகாமத்தில் புகையிலைதான் எங்கள் பணம். துலா மிதித்து இறைத்து வளர்த்த யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து மலையாளக் கரைக்குப் போயிற்று. அந்தக் காசில் கல்வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், என்னையும் அப்படித்தான் படிப்பித்தார்கள். அந்த இலைதான் வாயில் புண்ணாக வருகிறது என்று ஒரு தோட்டக்காரருக்குச் சொல்வது இலேசல்ல. முகாமில் பசியை மறக்கவும் பொழுது போகவும் பலர் வெற்றிலையைக் கூட்டிக்கொண்டதையும் கண்டேன். சோறில்லாத நாளிலும் வெற்றிலை இருந்தது. அவர்களைக் கண்டிக்க இதை எழுதவில்லை.

விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டிய இன்னொன்று கச்சான். சரியாகக் காயாத கச்சானிலும் சோளத்திலும் பூஞ்சணம் பிடித்தால் அபிளாற்றொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். இது ஈரலில் பி53 உறுதியைக் கெடுத்து ஈரல் புற்றுக்குக் காரணமாகிறது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்ததையும் கறுத்துச் சுருங்கியதையும் கசப்பதையும் தின்னாதீர்கள். அறுவடையை நன்றாக உலர்த்தி, நிலத்தில் படாமல் பலகை போட்டு வையுங்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இது கஷ்டம்தான், தெரியும்.

கலப்பைக் கிழங்கு சொல்லித்தரும் பாடம்

காட்டோரத்தில் கிழங்கு தேடிய காலத்தில், கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கை வற்றாளைக் கிழங்கென்று அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். முதலில் கடும் வாந்தி வயிற்றோட்டம். பின் இரத்தக் கலங்கள் குறையும். பிழைத்தவர்களுக்குச் சில நாட்களின்பின் தலைமயிர் கொட்டும். குடல், இரத்தம், மயிர்: மூன்றும் கலங்கள் வேகமாகப் பிரியும் இடங்கள். கிழங்கிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு கதிர்நார்களை உருவாகவிடாது. நார் இல்லாவிட்டால் நூல்களை இழுக்க முடியாது. கலம் பாதிப் பிரிவிலேயே நின்று சாகும்.

வேலியோரத்துப் பட்டிப்பூவை, நித்தியகல்யாணி என்று சொல்வதை, எல்லோரும் அறிவீர்கள். அதிலிருந்து 1958இல் கனடாவில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரின் என்ற மருந்தும் கதிர்நார்களையே தாக்குகிறது. அதுவும் அதே செடியின் வின்கிறிஸ்ரினும் இரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று முதலியவற்றுக்கு இன்றும் ஏற்றப்படுகின்றன. பிரிகின்ற கலத்தைக் கொல்லும் மருந்து, புற்றுக் கலத்தைக் கொல்லும்போது மயிர்க் கலத்தையும் குடற் கலத்தையும் சேர்த்தே அடிக்கிறது. மருந்தேற்றியவருக்கு மயிர் கொட்டுவதும் சத்தி வருவதும் அதனால்தான். நோய் முற்றியதன் அடையாளமல்ல. மருந்து முடிய மயிர் முளைக்கும். பட்டிப்பூவை அவித்துக் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. வைத்தியசாலையில் இரத்தத்தைப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் ஏற்றும் நஞ்சு அது.

கதிர்ச் சிகிச்சையும் பிரியும் கலத்தின் நூல்களை அறுப்பதே. வாய்ப் புற்று சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுப்பதாலேயே பலர் குணமடைகிறார்கள். "கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சை நான் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்காமல் என்ன நோயென்று யாராலும் சொல்ல முடியாது. பரவுவது கத்தியாலல்ல, கத்திக்குப் பயந்து காத்திருந்த மாதங்களாலேதான்.

வெயிலும் ஒரு கண்ணாடியும்

மாதத்துக்கு ஒரு தடவை, காலை வெயிலில் நின்று, கைக்கண்ணாடியில் வாயைப் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்கின் கீழ், அண்ணம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், கழுத்தில் நெறி, விழுங்கக் கஷ்டம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஏன் இரண்டு மூன்று கிழமை? வாயின் உட்தோல் அக்காலத்துக்குள் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று முன்னரே சொன்னேன். அதற்குப் பிறகும் ஆறவில்லையென்றால், ஆற்றும் வேலையில் எங்கோ பிழை. நோவில்லை என்று விடவேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவாது.

வெள்ளைத் தழும்பெல்லாம் புற்றாவதில்லை, சிறு பங்கே ஆகும். சிவப்பு அதைவிட ஆபத்தானது. வெற்றிலையையும் புகையையும் விட்டால் சில தழும்புகள் தாமாகவே குறையும். பல பிழைகளில் கடைசிப் பிழை இன்னும் விழாமல் இருக்கும்போதே நிறுத்துவதன் பயன் அது.

பெண்கள் மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுபடுதல், இரத்தம் கசிதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். 35, 45 வயதினருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது.

வாயில் சந்தேகம் என்றால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். அவர் கடிதம் தருவார். ஒரு காலத்தில் வடக்கிலிருந்து மஹரகமவுக்குத்தான் போகவேண்டியிருந்தது. இப்போது தெல்லிப்பழையிலும் மட்டக்களப்பிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. பஸ் காசும் ஒரு நாட்கூலியும்தான் பலரை மறித்துவிடுகின்றன. இரண்டு மூன்று பேர் ஒரே நாளுக்குக் கிளினிக் எடுத்துச் சேர்ந்து போனால் துணைக்குப் போகும் ஆள் ஒருவராவது மிச்சம். கிளினிக் கொப்பியையும் பரிசோதனை முடிவுகளையும் அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். மறுபடி எழும்ப வேண்டி வந்தால் அந்தப் பையைத்தானே முதலில் தூக்குவீர்கள்.

கடைசி வீட்டு ஐயாவைப் போய்ப் பார்த்தேன். 1990இல் ஊரை விட்டெழும்பியவர், நல்ல புகையிலைத் தோட்டக்காரர். நாக்கின் ஓரத்தில் கட்டி, வெட்டித் தைத்திருந்தார்கள். கழுத்துக்குப் பரவவில்லை என்று கொப்பியில் எழுதியிருந்தது. பேச்சுக் கொஞ்சம் கொன்னியது. வெங்காயக் கதையை அவருக்கும் மனிசிக்கும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இது என்ரை தோட்டத்துப் பயிர்தான், மாஸ்ரர்" என்றார்.

மனிசி ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் மூன்று கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தா. எது அவருடைய தனிக்கோப்பை என்று எனக்குத் தெரியவில்லை.